கொழும்பின் கிறிஸ்தவப் பெண்களும் அரசியல் அதிகாரமும்

இலங்கையில் பெண்கள் வாக்குரிமை கேட்டுத் திரண்டதும், அரசாங்க சபைக்கும் மாநகர சபைக்கும் சென்றதும், நாட்டின் தலைமைப் பதவிகளை அடைந்ததும் அடங்கிய நூற்றாண்டு கால வரலாற்றில் கொழும்பின் கிறிஸ்தவப் பெண்களுக்கும் கிறிஸ்தவப் பெண்கள் பாடசாலைகளுக்கும் தனி இடம் உண்டு. கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம், பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளே இதன் முக்கிய களங்கள். இலங்கை மக்களில் கிறிஸ்தவர் இன்று 8 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தச் சிறு சமூகத்துப் பெண்கள் கையில் நேரடியாக வந்த அதிகாரம் கொஞ்சமே. பிறர் அந்த இடத்துக்குச் செல்ல வழி அமைத்ததில் அவர்கள் பங்கு பெரிது.

கிறிஸ்தவப் பெண் ஒருத்தியை முன்னிறுத்தி அரசுரிமை கோருவது இத்தீவுக்குப் பழைய செய்தி. 1594ல் போர்த்துக்கேயர் கண்டி அரியணைக்காக டோனா கத்தரீனாவை அழைத்துச் சென்றனர். அவர் மன்னாரில் போர்த்துக்கேயர் பாதுகாப்பில் வளர்ந்து ஞானஸ்நானம் பெற்ற கண்டி இளவரசி. அந்தப் படையெடுப்பு தந்துறையில் அழிந்தது. வென்ற கண்டி மன்னன் விமலதர்மசூரியன் அவரையே மணந்து தன் பட்டத்தை உறுதிப்படுத்திக்கொண்டான். இரு தரப்புக்கும் அவர் அரசுரிமைப் பத்திரமாகவே பயன்பட்டார். பெண் தன் பெயரில் தானே உரிமை கேட்க இன்னும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அதற்குள் பாடசாலை வந்திருந்தது.

பாடசாலைகளும் சங்கங்களும்

மெதடிஸ்த மிஷனரிகள் 1814லும் அமெரிக்க மிஷனரிகள் 1816லும் இலங்கையில் வேலையைத் தொடங்கினர். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ல் ஹரியற் வின்ஸ்லோ நிறுவிய மகளிர் விடுதிப் பாடசாலை ஆசியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. கொழும்பில் கொள்ளுப்பிட்டிப் பெண்கள் ஆங்கிலப் பாடசாலை 1866ல் மெதடிஸ்தரால் தொடங்கப்பட்டது. இன்று காலி வீதியில் மெதடிஸ்த கல்லூரியாக நிற்பது அதுவே. கொட்டாஞ்சேனையில் நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை 1869லும், கொள்ளுப்பிட்டியில் அங்கிலிக்கன் திருச்சபையின் பிஷப்ஸ் கல்லூரி 1875லும், லேடீஸ் கல்லூரி 1900லும், புனித பிரிஜட் கன்னியர் மடம் 1902லும் தோன்றின.

இவற்றை நிறுவியவர்கள் அரசியல்வாதிப் பெண்களை உருவாக்க நினைக்கவில்லை. படித்த கிறிஸ்தவ ஆண்களுக்கு ஏற்ற மனைவியரையும், பாடசாலைகளுக்கு ஆசிரியைகளையும், வேதப் புத்தகம் வாசிக்கத் தெரிந்த தாய்மாரையும் உருவாக்குவதே அவர்கள் நோக்கம். தையலும் பியானோவும் கணக்கைவிட முன்னால் நின்ற காலம் அது. ஆனாலும் அந்த வகுப்பறைகளில் ஆங்கிலம் கிடைத்தது. ஆங்கிலம் கைவந்தவருக்கு ஆளுநருக்கு மனு எழுத வந்தது. ஆலய மாதர் சங்கங்களில் தலைவி, செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் இருந்தன. கூட்டத்தை நடத்துவது, அறிக்கை வாசிப்பது, தீர்மானம் முன்மொழிந்து வழிமொழிவது, சந்தாப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது எல்லாம் பெண்கள் ஆண்களின் தலையீடு இல்லாமல் பழகிய இடங்கள் இவை. பிற்காலத்து வாக்குரிமைச் சங்கம் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. வாக்குரிமை வரலாற்றை எழுதுவோர் மேடைப் பேச்சுகளையே தேடுகிறார்கள். மாதர் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளுக்கும் அதே அளவு கவனம் தேவை.

1892ல் கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியபோது முதலில் நுழைந்தவர்களுள் பறங்கிச் சமூகத்துக் கிறிஸ்தவப் பெண்கள் இருந்தனர். தம் சம்பாத்தியத்தில் வாழும் பெண் என்ற நிலை இவர்களிடமிருந்துதான் கொழும்பில் பரவலாகத் தெரியத் தொடங்கியது.

மேரி ரட்ணம்

இந்த வரலாற்றின் நடுநாயகம் டொக்டர் மேரி ரட்ணம். 1873ல் கனடாவின் ஒன்ராறியோவில் மேரி ஹெலன் ஏர்வினாகப் பிறந்தவர். ரொறன்ரோவில் மருத்துவம் படித்து, 1896ல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணத்தை அவர் மணந்ததை மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. கணவரும் கிறிஸ்தவர், படித்தவர். ஆனாலும் வெள்ளைப் பெண் ஒருத்தி நாட்டவர் ஒருவரை மணப்பதைச் சகிக்க மிஷனால் முடியவில்லை. கடவுளின் முன் எல்லோரும் சமம் என்று போதித்த நிறுவனம் தன் சொந்த மருத்துவருக்கு அந்தச் சமத்துவத்தை மறுத்தது. மிஷன்கள் பெண்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லும் எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொழும்புக்கு வந்த மேரி ரட்ணம் அரச பெண்கள் மருத்துவமனையிலும் பிறகு தனியாகவும் மகளிர் மருத்துவம் பார்த்தார். ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கிய பெண்கள் எல்லாச் சமூகங்களிலும் இருந்தனர். அவர்களுடைய வீடுகளுக்குள் செல்லவும், பிரசவ மரணத்தையும் அதற்குக் காரணமான அறியாமையையும் நேரில் காணவும் அவருக்கு வாய்த்தது. அவருடைய அரசியலின் ஊற்று அங்கேதான். இலங்கைப் பெண்கள் சங்கம், தமிழ் மாதர் சங்கம் (1909) ஆகியவற்றின் தொடக்கத்தில் அவர் இருந்தார். 1930ல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமிதி கிராமத்துப் பெண்களுக்கு உடல்நலம், சத்துணவு, கைத்தொழில், வீட்டுத் தோட்டம் ஆகியவற்றில் பயிற்சி அளித்தது. அவர் பிறந்த ஒன்ராறியோவில் 1897ல் தோன்றிய பெண்கள் நிறுவனங்களே அதற்கு முன்மாதிரி. கனடாவின் விவசாயக் குடும்பங்களுக்காக வகுத்த அமைப்பை இலங்கைக் கிராமத்துக்குப் பொருந்தும்படி அவர் மாற்றியமைத்த விதம் தனி ஆய்வுக்குரியது. 1937ல் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றையும் தொடங்கினார். செயற்கைக் கருத்தடையைப் பாப்பரசர் 1930ல் வெளிப்படையாகக் கண்டித்திருந்த காலம் அது. கத்தோலிக்கர் நிறைந்த கொழும்பில் ஒரு கிறிஸ்தவ மருத்துவர் இதைச் செய்யப் பெரிய நெஞ்சுரம் வேண்டும்.

வாக்குரிமைப் போராட்டம், 1925–1931

1920களில் இலங்கையில் வாக்குரிமை மொத்த மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கே இருந்தது. சொத்து, வருமானம், கல்வி என்ற தடைகளைத் தாண்டிய ஆண்கள் மட்டுமே அவர்கள். 1925ல் இலங்கைத் தேசிய காங்கிரசில் பெண்களுக்கு வரையறுக்கப்பட்ட வாக்குரிமை கோரும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அதை வழிமொழிந்தவர் அக்னஸ் டி சில்வா. பறங்கிக் குடும்பத்தில் நெல் என்ற குடும்பப் பெயருடன் பிறந்து, கண்டியின் சிங்கள அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். சாதியும் இனமும் கடந்த திருமணம். அதனால் எழுந்த எதிர்ப்பையும் அவர் எதிர்கொண்டவர்.

இலங்கையின் அரசியலமைப்பைச் சீர்திருத்துவது பற்றி ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் கொழும்பில் இறங்கியது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அங்கிலிக்கன் குடும்பத்தவரான சீமாட்டி டயஸ் பண்டாரநாயக்க தலைமை ஏற்றார். அக்னஸ் டி சில்வா செயலாளர். மேரி ரட்ணம் முன்னணியில் நின்றார். நேசம் சரவணமுத்து போன்ற தமிழ்ப் பெண்களும் பௌத்தப் பெண்களும் சேர்ந்தனர். அதைக் கிறிஸ்தவச் சங்கம் என்று சொல்வது தவறு. ஆனால் அதை நடத்திய முறையில், கடிதத்தில், தூதுக்குழுவில், பத்திரிகைக்கு எழுதிய எழுத்தில் மிஷன் பாடசாலைகளின் பயிற்சி தெளிவாகத் தெரிகிறது.

இந்தியாவில் அதே காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் அரசியலுக்கு வந்த பாதை வேறு. திருவிதாங்கூரில் அக்கம்மா செறியானும் ஆனி மஸ்கரீனும் மக்கள் ஊர்வலங்கள் வழியாகவும் சிறை வழியாகவும் வந்தனர். ஆனி மஸ்கரீன் அரசியலமைப்பு நிர்ணய சபையில் அமர்ந்து, முதல் பொதுத் தேர்தலில் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக நின்று மக்களவைக்கு வென்றார். ராஜகுமாரி அம்ரித் கௌர் 1947ல் சுகாதார அமைச்சரானார். கொழும்பில் சிறை இல்லை. ஆணைக்குழுவும் மனுவும் தேநீர்க் கூட்டமும் இருந்தன. இதனால் கொழும்புப் பெண்களின் போராட்டத்தைச் சிறிதாக எண்ணுவோர் உண்டு. சாட்சியம் அளிக்கும்போது அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

ஆணைக்குழு அவர்களிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவியது. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் அக்னஸ் டி சில்வா விடையளித்ததைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். தோட்டத் தொழிலாளருக்கு வாக்குக் கொடுப்பதைப் பல சிங்களத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர். யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர்களில் மூத்தவரான சேர் பொன்னம்பலம் இராமநாதனோ பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதையே எதிர்த்தார். மருதனார்மடத்தில் பெண்களுக்கென 1913ல் கல்லூரி நிறுவியவரும் அவரே. பெண்கல்விக்கும் பெண்ணின் அதிகாரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பெருந்தலைவர்கள் சொல்லத் துணியாததை மேட்டுக்குடிப் பெண் ஒருத்தி ஒரே விடையில் சொன்னார். இந்த வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் தருணம் அது.

1928ல் வெளிவந்த அறிக்கை ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. பிரித்தானியாவில் 1918 முதல் இருந்த வயது வேறுபாட்டின் நிழல் இது. பிரித்தானியா அதே 1928ல் அந்த வேறுபாட்டை ஒழித்தது. இலங்கையின் இறுதி ஏற்பாட்டிலும் இருபாலாருக்கும் 21 என்றே ஆனது. சட்டநிரூபண சபை 1929 டிசம்பரில் 19க்கு 17 என்ற வாக்குகளில் டொனமூர் திட்டத்தை ஏற்றது. இரண்டே வாக்குகள் வித்தியாசம். 1931 ஜூனில் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். ஆசியாவில் சர்வஜன வாக்குரிமையுடன் நடந்த முதல் தேர்தல் அது. தோட்டத் தமிழர் விடயத்தில் வதிவிட நிபந்தனைகள் புகுத்தப்பட்டதால், அக்னஸ் டி சில்வா கேட்டது முழுமையாக நிறைவேறவில்லை.

அரசாங்க சபையும் மாநகர சபையும்

வாக்கு வந்த வேகத்தில், சட்டநிரூபண சபையின் இடத்தில் வந்த அரசாங்க சபையில் ஆசனம் வரவில்லை. முதலிரு பெண் உறுப்பினர்களும் இடைத்தேர்தலில்தான் வந்தனர், அதுவும் உறவினரின் வெற்றிடத்தில். பிஷப்ஸ் கல்லூரியில் படித்த அடலின் மொலமுரே, தந்தை ஜே. எச். மீதெனிய இறந்ததால் வெற்றிடமான ருவன்வெல்ல ஆசனத்தை 1931 நவம்பரில் வென்றார். அவர் சபைக்குள் வந்தபோது சபாநாயகராக இருந்தவர் அவருடைய கணவர். பின்னாளில் அடலின் செனற் சபையின் துணைத்தலைவராகவும் இருந்தார்.

கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்கில் 1931ல் வென்றவர் டொக்டர் ரட்ணஜோதி சரவணமுத்து. தேர்தல் வழக்கில் அவர் ஆசனம் இழந்தார். 1932 இடைத்தேர்தலில் அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து நின்று வென்றார். அரசாங்க சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவர். கணவருக்காக ஆசனத்தைக் காத்துக்கொடுத்தவர் என்று அவரைச் சுருக்கிவிடும் வழக்கம் உண்டு. அது நியாயமற்றது. வாக்குரிமைச் சங்கத்தில் 1927லேயே உழைத்தவர் அவர். 1936ல் மீண்டும் நின்று வென்றார். பல இனத்தவர் வாழும் நகரத் தொகுதி ஒன்று, துறைமுகத் தொழிலாளரும் வியாபாரிகளும் நிறைந்த தொகுதி, ஒரு தமிழ்ப் பெண்ணை இரண்டு முறை தேர்ந்தது. 1941ல் அவர் காலமானார். சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தில் தமிழ்ப் பெண் ஒருவர் அமர 1980ல் ரங்கநாயகி பத்மநாதன் பொத்துவில் தொகுதிக்கு நியமிக்கப்படும் வரை செல்ல வேண்டியிருந்தது. அவரும் சகோதரரின் மரணத்தால் ஏற்பட்ட வெற்றிடத்துக்கே வந்தார். 1932ல் திறந்த வழி இப்படி நெடுங்காலம் மூடிக் கிடந்ததற்குத் தமிழ்க் கட்சிகள் பொறுப்பேற்க வேண்டும். அவை பெண்களை ஊர்வலத்துக்கும் சத்தியாக்கிரகத்துக்கும் அழைத்தன, வேட்புமனுவுக்கு அழைக்கவில்லை.

கொழும்பு மாநகர சபைக்கு மேரி ரட்ணம் 1937ல் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் உள்ளூராட்சியில் முதல் பெண் உறுப்பினர் அவரே. தந்தையின் ஆசனமோ கணவரின் ஆசனமோ இல்லாமல், தன் பெயராலும் தன் சேவையாலும் பெற்ற வெற்றி. அதே ஆண்டில் மாநகரின் முதல் மேயராக இருந்தவர் டொக்டர் சரவணமுத்து. ஆனால் சில மாதங்களில் தேர்தல் சட்டக் காரணம் ஒன்றால் மேரி ரட்ணம் பதவி இழந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. மீண்டும் பொது வேலைக்கே திரும்பினார். 1958ல் பொதுச்சேவைக்கான ரமோன் மக்சேசே விருது பெற்று, 1962ல் மறைந்தார்.

பறிக்கப்பட்ட வாக்கு

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1931ல் வாக்களித்த தோட்டப் பெண்கள் பலர் இருபது ஆண்டுகளுக்குள் வாக்கற்றவரானார்கள். கொழும்புப் பெண்கள் இயக்கம் தன் மிகப் பரந்த கோரிக்கை எதுவோ அதையே இழந்தது. அதற்காக 1927ல் போல ஒரு சங்கம் எழவில்லை என்பது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. பிரஜாவுரிமை பெறாமல் எஞ்சியிருந்தவர்களுக்கு அதை வழங்கும் சட்டம் 2003லேயே வந்தது.

பிரதமர்களும் பாடசாலைகளும்

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். அவர் பௌத்தர். படித்தது கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித பிரிஜட் மடத்தில். வாக்குரிமைச் சங்கத்தின் தலைவியாக இருந்த சீமாட்டி டயஸ் பண்டாரநாயக்கவின் மருமகளும் அவரே. மாமியார் கேட்டு வாங்கிய வாக்கால் மருமகள் ஆட்சிக்கு வந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

அவருடைய அரசு செய்த முதல் பெரிய காரியங்களுள் ஒன்று, 1960லும் 1961லும் சட்டங்கள் இயற்றி அரசு உதவி பெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கியது. பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷன்களுடையவை. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்தனர். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசிய பிறகே அப்போராட்டம் ஓய்ந்தது. பிள்ளைகளுடன் பாடசாலைகளில் தங்கிய அத்தாய்மாரில் பெரும்பான்மையோர் அதற்கு முன் அரசியல் மேடையைக் கண்டிராதவர்கள். கிறிஸ்தவப் பெண்களின் அரசியலைப் பேசும்போது இவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. உரிமைக் கேள்வி இதில் சிக்கலானது. அரசுடைமையால் ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கதவு திறந்தது. பாடசாலைகளைக் கட்டி வளர்த்த சமூகங்களுக்குக் கதவு அடைபட்டது. கொள்ளுப்பிட்டியின் மெதடிஸ்த கல்லூரியும் பிஷப்ஸ் கல்லூரியும், புனித பிரிஜட் மடமும், யாழ்ப்பாணத்தில் உடுவில், சுண்டுக்குளி மகளிர் கல்லூரிகளும் அரசு உதவியின்றித் தனியார் பாடசாலைகளாகவே நின்றன.

சிறிமாவோவின் மகள் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 1994ல் பிரதமராகவும் சனாதிபதியாகவும் ஆனார். அவரும் புனித பிரிஜட் மாணவி. 2024 செப்டம்பரில் பிரதமரான ஹரிணி அமரசூரிய பிஷப்ஸ் கல்லூரியில் படித்தவர். ஆக, இலங்கையின் மூன்று பெண் பிரதமர்களும் கிறிஸ்தவப் பெண்கள் பாடசாலைகளிலிருந்தே வந்துள்ளனர். மூவருள் இருவர் ஒரே குடும்பத்தவர். பாடசாலை மட்டும் போதுமாக இருந்ததா, குடும்பப் பெயரும் வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு ஹரிணி அமரசூரியவின் வருகை முதல் மாற்று விடையைத் தந்திருக்கிறது.

பதவிக்கு வெளியே, பலிபீடத்தின் அருகே

அதிகாரத்தைப் பதவியாக மட்டும் எண்ணினால் ராஜினி திராணகம இந்த வரலாற்றில் இடம்பெற மாட்டார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1954ல் பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வருள் ஒருவர். போரில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்கியதில் முன்நின்றவர். இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என எவர் செய்த கொடுமையையும் பெயர் சொல்லிப் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் ஏந்தியோர் அனைவரும் அஞ்சிய அதிகாரம் அவருடைய பேனாவில் இருந்தது.

திருச்சபைகள் தம் பெண்களுக்கு எவ்வளவு அதிகாரம் தந்தன? இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை மூன்று பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தது 2006ல். அதாவது பெண்கள் வாக்களித்து 75 ஆண்டுகளும், பெண் பிரதமரைக் கண்டு 46 ஆண்டுகளும் கழிந்த பிறகு. கத்தோலிக்கத் திருச்சபையில் அந்த வாசல் இன்றும் மூடியே இருக்கிறது. நாட்டு அரசியலில் முன்னோடியாக நின்ற சமூகம் தன் ஆலயத்துக்குள் பின்தங்கியது என்பதே இதன் பொருள்.

அண்மைக் காலம்

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 விழுக்காட்டு ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதல் பெண் மேயரானார். 2025ல் விராய் கெலி பல்தசார் அப்பதவிக்கு வந்தார். 2024 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் மலையகத் தமிழ்ப் பெண்களாகப் பாராளுமன்றம் சென்றனர். மாத்தறையில் வென்ற தமிழ்ப் பெண் சரோஜா சாவித்திரி போல்ராஜ் மகளிர் விவகார அமைச்சரானார்.

இந்த வரலாறு குறித்து இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய பெண்களைப் பற்றியவை. தமிழில் கூட்டக் குறிப்பு எழுதிய பெண்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ பேர் வாழ்ந்தார்கள். ஆலய மாதர் சங்கக் குறிப்பேடுகள், பாடசாலை ஆண்டு மலர்கள், பழைய மாணவியர் சங்கக் கடிதங்கள், தேர்தல் துண்டுப் பிரசுரங்கள் எவருடைய வீட்டு அலுமாரியிலாவது இருந்தால், அவற்றைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போடாமல் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களில் ஒப்படையுங்கள்.